முதுகில் ஒரு வாசல்

1994 மார்ச் பதினான்காம் தேதி, திங்கட்கிழமை, காலை ஏழரை மணிக்கு ஜயம்மா மைசூரை விட்டுக் கிளம்பினார். அவர் இறந்து அப்போது பதினேழு மாதம் ஆகியிருந்தது.

கிளம்பியது பலா மரத்து ஜயம்மா. உட்கார்ந்த நிலையில் இரண்டரை அடி உயரம், முப்பத்துநாலு கிலோ எடை, மடியில் பாதி கட்டிய பூச்சரம். மண்டி மொஹல்லாவில், மரம் செதுக்கும் சித்தம்மாவின் வீடு இருந்த சந்துக்குள் லாரி நுழையாது. அதனால் அவள் கணவன் கரியப்பனும் எதிரே பழைய பேப்பர் கடை வைத்திருந்தவரும் சிலையை ரஜாய்ப் போர்வையில் சுற்றித் தள்ளுவண்டியில் ஏற்றி, ஸ்கூட்டர்களுக்கும் கோழிக்கூடைகளுக்கும் நடுவே சந்து முனைவரை உருட்டிக்கொண்டு போனார்கள். முன்னால் வழிவிலக்கிக்கொண்டு நடந்தவர் ஜயம்மாவின் கணவர் நரசிம்மமூர்த்தி. ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். மேல்கோட்டையிலிருந்து நாலு தலைமுறைக்கு முன்பே மைசூருக்கு வந்துவிட்ட குடும்பம். அறுபத்தெட்டு வயது.

"மூஞ்சிய மூடாதீங்கோ. மூச்சு முட்டும்" என்றார்.

கரியப்பன் ரஜாயைக் கழுத்துவரைக்கும் இறக்கிவிட்டான்.

முனையில் வீட்டுச் சாமான்களோடு லாரி நின்றது. குல்பர்காவில் பேங்க் வேலையிலிருந்த மகள் வசுதா அப்பாவைக் கூட்டிப்போக வந்திருந்தாள். "அப்பா, சாமானெல்லாம் லாரியில போகட்டும். நாம ரயில்ல போயிடலாம். எழுநூறு கிலோமீட்டர் லாரியில உக்காந்து வர வயசா இது?"

"நீ ரயில்ல வா. உங்கம்மா தனியா வரமாட்டா."

டிரைவர் இருக்கைக்குப் பின்னாலிருந்த பலகையில் ஜயம்மாவை உட்கார வைத்து, கயிற்றால் கட்டி, பக்கத்தில் வாத்தியாரும் ஏறி உட்கார்ந்துகொண்டார். கூடியிருந்தவர்கள் எல்லோரும் ஜயம்மாவின் முகத்தைத்தான் பார்த்தார்கள். அப்படியே இருக்காங்களே, பேசிடுவாங்க போல இருக்கே என்றார்கள். அதைச் செதுக்கிய சித்தம்மா மட்டும் லாரியின் படியில் ஏறி, கையை ரஜாய்க்குள் விட்டு, சிலையின் முதுகைத் தொட்டுப் பார்த்தாள். வழவழவென்று இருந்தது. ஒரு கீறல் தெரியவில்லை. கையை எடுத்துக்கொண்டு அந்த முகத்தைப் பார்த்தாள்.

அந்த முகம் பிளக்கப் போகிறது. இன்றைக்கு இல்லை, நாளைக்கு இல்லை. குல்பர்காவின் முதல் வெயிலிலோ இரண்டாவது வெயிலிலோ, நெற்றியிலிருந்து மோவாய்வரை ஒரே கோடாகப் பிளந்துவிடும். அதைத் தடுக்க அவள் செய்து வைத்திருந்ததை, அவளே முந்தின நாள் மூடிவிட்டிருந்தாள்.

லாரி கிளம்பியது. வாத்தியார் ஜன்னல் வழியாகக் கையை ஆட்டினார். சித்தம்மாவும் ஆட்டினாள்.

*

சித்தம்மாவுக்கு அப்போது நாற்பத்துமூன்று வயது. ஊர் தமிழ்நாட்டு எல்லையோரம் அனூர்ப் பக்கம். அப்பா மரம் அறுக்கிறவர். குழிக்கு மேலே ஒருவர், கீழே ஒருவர் நின்று ரம்பம் இழுத்த காலம். ரம்பம் சூடேறாமல் இருக்க எண்ணெய்த் துணியால் துடைத்துவிடுவது சிறுமியின் வேலை. மரத்தின் வெளிப்புறம் பொய் சொல்லும், அறுத்தால்தான் உள்ளே என்ன என்பது தெரியும் என்பதை ஏழு வயதில் கண்ணால் பார்த்து முடித்தவள். பத்தொன்பது வயதில் கரியப்பனைக் கட்டிக்கொண்டு மைசூருக்கு வந்தாள். கரியப்பன், மரப்பலகையில் படம் பதிக்கும் பட்டறை ஒன்றில் பாலிஷ்காரன். அவளும் அங்கேயே தேய்ப்பு வேலைக்குப் போனாள். கழிவுத் துண்டுகளைப் புடவைத் தலைப்பில் முடிந்து வீட்டுக்குக் கொண்டுவந்து, உடைந்த உளிகளைச் சாணை பிடித்து, ஆளில்லாத மத்தியானங்களில் தானாகவே குடைந்து குடைந்து பழகினாள். விரல்களில் ஏழு தழும்பு. ஒவ்வொன்றும் ஒரு பாடம் என்பாள்.

முதலில் யானை. மைசூரில் மரம் செதுக்குகிறவர் யாராயிருந்தாலும் யானையிலிருந்து தப்ப முடியாது. தேவராஜ மொஹல்லாவில் கடை வைத்திருந்த மஞ்சுநாத்துக்குப் பதினோரு வருஷம் யானை செதுக்கிக் கொடுத்தாள். இருவருக்கும் சண்டை துதிக்கையில்தான்.

"ஏன் சித்தம்மா, எத்தனை தடவை சொல்றது? சொண்டிலு மேலே இருந்தாத்தான் வீட்டுக்கு அதிர்ஷ்டம்னு ஜனங்க நெனைக்கறாங்க. நீ என்னடான்னா யானைய எழவு வீட்டுக்குப் போறாப்ல செதுக்கற."

"யானை எந்நேரமும் தும்பிக்கையத் தூக்கிட்டே நிக்குமாங்க? கை வலிக்காதா அதுக்கு?"

"மர யானைக்கு என்னம்மா கை வலி?"

"செதுக்கறவளுக்கு வலிக்குதுங்களே."

யானையிலிருந்து மனிதர்களுக்கு வந்தாள். சந்தைக்கு வரும் பெண்கள், மூட்டை தூக்குகிறவர்கள், திண்பண்டம் விற்கிறவர்கள். முழங்கை உயரத்தில் சின்னச் சின்ன உருவங்கள். மஞ்சுநாத் முனகிக்கொண்டே வாங்கி அலமாரியின் கடைசித் தட்டில் வைத்தார். யானைகளுக்கு முந்தி அவை விற்றுத் தீர்ந்தன. அதன்பிறகு முனகலை நிறுத்திவிட்டு அவற்றை முதல் தட்டுக்கு மாற்றினார்.

அவள் வேலை செய்யும் விதம் பார்க்கிறவர்களுக்குப் பொறுமையைச் சோதிக்கும். மரம் வந்ததும் உளியை எடுக்க மாட்டாள். முதலில் இரண்டு வெட்டுமுனைகளிலும் உருக்கிய மெழுகைப் பூசுவாள், ஈரம் அந்த வழியாக அவசரப்பட்டு ஓடாமல் இருக்க. பிறகு காற்று நேரே அடிக்காத மூலையில் இரண்டு செங்கல் மேல் படுக்கவைப்பாள். மாதம் ஒருமுறை எதிர்க்கடைக்கு உருட்டிக்கொண்டு போய் பழைய பேப்பர் நிறுக்கும் தராசில் நிறுத்து, எடையை சுண்ணாம்புக்கட்டியால் சுவரில் எழுதுவாள். இரண்டு மாதம் தொடர்ந்து ஒரே எண் வந்தால் மரம் காய்ந்துவிட்டது என்று அர்த்தம். அதுவரைக்கும் யார் வந்து கெஞ்சினாலும் தொடமாட்டாள்.

"என்ன சித்தம்மா, கட்டை இன்னும் ஒல்லியாகலையா?" என்பார் பேப்பர் கடைக்காரர்.

"உங்களாட்டம்தான் அண்ணா. இறங்குவேனாங்குது."

காய்ந்த பிறகும் படம் வரைய மாட்டாள். கட்டையை நடுக்கூடத்தில் நிறுத்தி வைத்துவிடுவாள். சமைக்கும்போதும் துணி மடிக்கும்போதும் அதைச் சுற்றிச் சுற்றி வருவாள். கரியப்பன் இடறிக்கொண்டு திட்டுவான். நாலைந்து நாளில் இதுதான் முன்பக்கம் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். தெரிந்ததும் அதைச் சுவர்ப்பக்கம் திருப்பிவிட்டு, பின்பக்கத்திலிருந்து ஆரம்பிப்பாள்.

இதுதான் மற்ற ஆசாரிகள் அவளைக் கேலி செய்யும் விஷயம். ஊரெல்லாம் முகத்தில் தொடங்கும், இவள் முதுகில் தொடங்குவாள். கேட்டால் சொல்வாள்: "முகத்துக்கு யாரோ பாக்கறாங்கன்னு தெரியும். உடனே வேஷம் கட்டிக்கும். முதுகுக்கு அது தெரியாது. ஆளு களைச்சிருக்காளா, கோவத்துல இருக்காளா, பசிச்சிருக்காளா, முதுகு சொல்லிரும். முதுகு சரியா வந்துட்டா முகம் தானா வந்து உக்காந்துக்கும்."

முதுகு வந்ததும் செய்யும் முதல் காரியம், பிடரிக்குக் கீழே தொடங்கி இடுப்புவரைக்கும் ரம்பத்தால் ஒரு கீறு. மேலோடு கீறல் இல்லை, மரத்தின் நடுக்குருத்தைத் தொடுகிற ஆழம். அதற்கு அவள் வைத்திருந்த பெயர் வாசல். முழுக்கட்டையில் செதுக்கும் எந்த உருவத்துக்கும் வாசல் வைக்காமல் அவள் விட்டதில்லை.

"மரம் காயுறப்ப சுருங்கும். சுருங்கறது எங்கியாச்சும் விட்டுக் குடுத்துத்தான் ஆகணும். நாம வாசல் வெச்சா அந்த வழியா விரிஞ்சுக்கும். வெக்கலைன்னா சுவத்த இடிச்சுக்கிட்டுப் போகும். அது எந்தச் சுவருன்னு நம்மளக் கேக்காது."

முகத்தைக் கடைசியில் உடைந்த கண்ணாடிச் சில்லால் சுரண்டி வழவழப்பாக்குவாள். முடியிலும் புடவையிலும் நகம்போல் வளைந்த நகவுளியின் தடங்களை அப்படியே விட்டுவிடுவாள். எப்போது நிறுத்துவாய் என்று கேட்டால், "கை வெக்க எடம் தேட ஆரம்பிச்சா நிறுத்திருவேன்" என்பாள்.

*

நரசிம்மமூர்த்தி அவளைத் தேடி வந்தது 1993 ஜனவரியில். டெம்போவில் ஒரு பலாக்கட்டையோடு வந்தார். கிருஷ்ணமூர்த்திபுரத்தில் அவர் வீட்டுப் பின்கட்டில் நின்ற மரம். ஜயம்மா கல்யாணமாகி வந்த வருஷம் கொட்டை போட்டது. வேர் பக்கத்து வீட்டு மதிலைத் தூக்க ஆரம்பித்ததால் வெட்டவேண்டியதாயிற்று. ஜயம்மா போன மூன்றாம் மாதம் மரமும் போனது.

"இதுல அவளப் பண்ணித் தரணும்" என்றார்.

சித்தம்மா கட்டையை முட்டியால் தட்டிப் பார்த்தாள். பச்சை மரம். பால் இன்னும் கசிந்துகொண்டிருந்தது. எதிர்க்கடைத் தராசில் எண்பத்தாறு கிலோ.

"மூணு வருஷம் ஆகுங்க மேஷ்ட்ரே, இது காய." மைசூரில் வாத்தியார்களை எல்லோரும் கூப்பிடுவதுபோல அவளும் மேஷ்ட்ரே என்றுதான் கூப்பிட்டாள்.

"ஆகட்டும். எனக்கென்ன அவசரம்."

ஆனால் அவசரம் வந்தது. அந்த வருஷக் கடைசியில், இந்த வயதில் தனியாகச் சமைத்துச் சாப்பிட்டது போதும் என்று வசுதா பிடிவாதம் பிடித்து, வீடு விற்பனைக்குப் போய், மார்ச்சுக்குள் காலி செய்வதாக முடிந்தது. சுவரில் எண் எழுபத்தொன்றில் நின்றது. மாதம் ஒரு கிலோ இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது. சித்தம்மா எண்களைப் பார்த்தாள், வாத்தியாரைப் பார்த்தாள். காயாத மரத்தில் வாழ்க்கையில் முதல் தடவையாகக் கை வைத்தாள். வாசல் இருக்கிறது, பார்த்துக்கொள்ளும் என்று தைரியம்.

வாத்தியார் ஸ்டுடியோவில் எடுத்த ஒரு படத்தைக் கொண்டுவந்தார். அதில் ஜயம்மா, யாரோ துப்பாக்கியைக் காட்டி உட்காரவைத்தமாதிரி விறைத்துக்கொண்டிருந்தார். சித்தம்மா படத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டாள்.

"இது வேண்டாமுங்க. அம்மா வீட்டுல எப்படி உக்காருவாங்க?"

வாத்தியார் சொல்லத் தொடங்கினார். இடது காலை மடக்கி, வலது முழங்காலை... இல்லை, கொஞ்சம் சாய்ந்து... சொல்லி வரவில்லை. சட்டென்று வேட்டியை ஒதுக்கிக்கொண்டு பட்டறையின் மரத்தூளிலேயே உட்கார்ந்துவிட்டார். ஒரு காலை மடக்கி, மறு முழங்காலைக் குத்திட்டு, அதன்மேல் முழங்கையை வைத்து, கையில் இல்லாத நாரில் இல்லாத மல்லிகையைத் தொடுக்க ஆரம்பித்தார். முப்பத்தைந்து வருஷம் பையன்களை பெஞ்சில் நிற்கவைத்த மனிதர், நாணத்தோடு கழுத்தை ஒருச்சாய்த்து உட்கார்ந்திருந்தார். கரியப்பன் சிரிப்பை அடக்க வெளியே ஓடினான்.

சித்தம்மா சிரிக்கவில்லை. அவரைச் சுற்றிப் பின்னால் போய் நின்றாள். வலது தோள் கொஞ்சம் தாழ்ந்திருந்தது.

"அம்மாவுக்கு வலது தோள் எறங்கி இருக்குமுங்களா?"

வாத்தியார் திரும்பாமலே பதில் சொன்னார். "ஆமா. எப்படிச் சொல்றது... அவ ஜன்னலப் பார்த்துண்டு பூ கட்டுவா. நான் பின்னால நாற்காலியில உக்காந்துண்டு பேப்பர் பாத்துண்டே பேசுவேன். நாப்பத்தோரு வருஷம் அவ முதுகோடதான் பேசிண்டிருந்தேன். மூஞ்சி எப்படி இருக்கும்னு கேட்டா யோசிக்கணும். முதுகக் கண்ண மூடிண்டு சொல்வேன்."

அன்றைக்கே முதுகு வந்துவிட்டது என்று சித்தம்மா பிறகு சொல்வாள். உளி வைத்தது மறுநாள்தான். ஆனால் வந்தது அன்றைக்கு. மூன்று மாத வேலையில் அவள் தடுமாறியதே இல்லை. முகமும் அவள் சொல்கிறபடி தானாக வந்து உட்கார்ந்துகொண்டது. உதட்டோரம் ஏதோ பதில் சொல்ல நினைத்து, வேண்டாமென்று விட்டுவிட்ட பாவம்.

மார்ச் பதிமூன்று, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வாத்தியார் வந்து முதல் தடவையாக முடிந்த சிலையைப் பார்த்தார். முகத்துக்கு முன்னால் வெகுநேரம் நின்றார். மூக்கைச் சிந்தினார். பிறகு, தன் வழக்கப்படி, பின்பக்கம் போனார்.

வாசல் அதற்குள் வேலையைத் தொடங்கியிருந்தது. ரம்பத்தின் கனத்துக்கு அறுத்த கீறு அரை விரல் அளவுக்கு விரிந்து, பிடரியிலிருந்து இடுப்புவரை கறுப்புக் கோடாக ஓடியது.

ஜயம்மாவுக்குக் கடைசி வருஷத்தில் முதுகெலும்பில் இரண்டு தடவை ஆபரேஷன். சித்தம்மாவுக்கு அது தெரியாது. யாரும் சொல்லவில்லை.

"சித்தம்மா" என்றார் வாத்தியார். "நீயும் இங்கயே கிழிச்சுட்டயே அம்மா."

எவ்வளவோ சொல்லியிருக்கலாம். வாசல், ஈரம், சுவர் எல்லாவற்றையும் சொல்லியிருக்கலாம். ஆயிரம் பேரிடம் சொன்னதுதான். ஆனால் அந்த மனிதர் இரண்டு கையாலும் அந்தக் கோட்டை மூடிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மூடிடறேனுங்க மேஷ்ட்ரே. காலைல பாருங்க, இருந்த எடம் தெரியாது."

அவர் போனதும், மிச்சமிருந்த அதே பலாத்துண்டில் ஆப்புபோல ஒரு நீளச் சக்கையை இழைத்து, வாசலுக்கு அளவாக்கினாள். கொட்டாப்புளியால் லேசாகத் தட்டி உட்காரவைத்துப் பார்த்தாள். கச்சிதமாக இருந்தது. வெளியே எடுத்தாள். பசை டப்பா பக்கம் போகாமல், சக்கையைக் கரியப்பனிடம் நீட்டினாள்.

"மாமா, நீயே பசை வெச்சு எறக்கிடு. நான் கடைக்குப் போறேன்."

"கடைல என்ன?"

"ஒண்ணுமில்ல."

ஒரு மணி நேரம் சந்தில் சும்மா நடந்துவிட்டுத் திரும்பியபோது சக்கை உள்ளே இறங்கியிருந்தது. கரியப்பன் மரத்தூளும் மெழுகும் குழைத்துப் பூசி, பாலிஷ்காரனின் முழு சாமர்த்தியத்தையும் காட்டியிருந்தான். விரலால் தடவினால்கூட ஓரம் தட்டவில்லை. காலிப் பசை டப்பாவை அவசரமாக எதிர்க்கடைச் சாக்கில் எறிந்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டிருந்தான்.

"கெட்டியா ஒட்டிருச்சா?"

"ஒட்டிருச்சு, ஒட்டிருச்சு" என்றான் கரியப்பன், அவளைப் பார்க்காமல்.

*

ஏப்ரல் வந்தது. மைசூரிலேயே தார் இளகியது. குல்பர்காவில் நாற்பத்துமூன்று டிகிரி என்று பேப்பர் கடைக்காரர் படித்துச் சொன்னார். சித்தம்மா அன்றைக்குச் சாப்பிடவில்லை.

வாத்தியார் விலாசம் எழுதிக் கொடுத்திருந்தார். ஒரு கார்டு போதும். வாங்கிவந்து எழுதினாள்: "மேஷ்ட்ரே அவர்களுக்கு வணக்கம். அம்மாவின் முதுகில் மூடியதை அங்கே யாராவது ஆசாரியைக் கூப்பிட்டு ரம்பம் வைத்து மறுபடி அறுத்துவிடவும்." எழுதியதைப் படித்தாள். அந்தக் கார்டு அவர் கையில் போய்ச் சேரும் நேரத்தை நினைத்துப் பார்த்தாள். கிழித்துப் போட்டாள். அந்தக் கோடையில் அப்படி நாலு கார்டு கிழிந்தது.

எழுதாமல் இருந்தாலும் குற்றம், எழுதினாலும் குற்றம். நடுவில் மாட்டிக்கொண்டாள். பிளந்திருந்தால் அவர் எழுதியிருப்பார் என்று ஒரு மனம் சொல்லும். பிளந்ததால்தான் எழுதவில்லை, எழுத மனசில்லாமல் ஒரு துணி போட்டு மூடி வைத்திருக்கிறார் என்று இன்னொரு மனம் சொல்லும். இரண்டாவது மனம்தான் அதிகம் பேசியது.

தபால்காரர் சந்து வழியாகப் போகும்போதெல்லாம் கரியப்பனிடம் கேட்பாள்: "மாமா, மேஷ்ட்ரு கடுதாசி ஏதாச்சும் வந்துச்சா?"

"வரல, வரல" என்று கரியப்பன் எழுந்து எங்காவது போய்விடுவான். மனுஷனுக்கு அக்கறையே இல்லை என்று அவளுக்குக் கோபம். என்ன பயம் என்று அவனிடம் சொல்லவும் இல்லை. வாயால் சொன்னால் அந்த முகம் அந்த நொடியே பிளந்துவிடும் என்று ஒரு எண்ணம்.

அதற்குப் பிறகு அவளால் முகம் செதுக்க முடியவில்லை. முதுகுவரை வரும். வாசல் வைக்க ரம்பத்தை எடுப்பாள். வாத்தியார் இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு நிற்பது தெரியும். ரம்பத்தைக் கீழே வைத்துவிடுவாள். வாசல் இல்லாமல் முகத்தைத் தொட முடியாது. அப்படி முதுகோடு நின்றுபோன கட்டைகள் மூன்று, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தன.

மறுபடி யானைக்குப் போனாள். மஞ்சுநாத் கேட்காமலே தும்பிக்கையைத் தூக்கி வைத்தாள். முதல் லாட்டைப் பார்த்து அவர் வாயெல்லாம் பல்லானார். மூன்றாவது லாட்டில் முகம் சுளித்தார்.

"என்ன சித்தம்மா, ஒடம்பு கிடம்பு சரியில்லையா?"

"ஏனுங்க, தும்பிக்க மேலதானே இருக்குது?"

"அதான் கேக்கறேன். பதினோரு வருஷம் என்கூட சண்டை போட்டவ நீ. இப்ப நான் சொன்னபடி செய்யற. எனக்கு பயமா இருக்கு."

மூன்றரை வருஷம் இப்படிப் போனது.

*

1997 அக்டோபர் ஆறாம் தேதி. தசராவுக்கு ஐந்து நாள் இருந்தது. ஊரெல்லாம் விளக்குச் சரம் கட்டிக்கொண்டிருந்தார்கள். மஞ்சுநாத்துக்கு இருபது யானை பாக்கி. காலை பதினொரு மணிக்குத் தபால்காரர் ஒரு நீல இன்லண்ட் லெட்டரை வாசற்படியில் போட்டார். அனுப்பியவர்: என். நரசிம்மமூர்த்தி, குல்பர்கா.

சித்தம்மா அதை எடுக்கவில்லை. "மாமா, நீ படி" என்றாள்.

கரியப்பனும் எடுக்கவில்லை. "உனக்குத்தானே வந்திருக்கு. நீ படி."

கடைசியில் சித்தம்மாதான் பிரித்தாள். வாத்தியாரும் சரி அவளும் சரி, பேசுவது தமிழ், எழுதப் படிக்கக் கன்னடம். கணக்கு வாத்தியாரின் எழுத்து, கட்டம் போட்டதுபோல வரிசையாக இருந்தது. அவள் சத்தமாகப் படித்தாள்.

"செப்டம்பர் 18. சித்தம்மாவுக்கு ஆசீர்வாதம். நலமென்று நம்புகிறேன். உன் வேலையில் ஒரு குறை ஏற்பட்டிருக்கிறது, அதைத் தெரிவிக்கவே எழுதுகிறேன்."

சித்தம்மா கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டாள். கரியப்பன் கதவுப்பக்கம் ஒரு அடி நகர்ந்தான்.

"படி புள்ள" என்றான் அங்கிருந்தே. "வந்தது வரட்டும்."

அவள் மறுபடி எடுத்தாள்.

"இங்கே வந்ததிலிருந்து வசுதா அம்மாவைக் கூடத்தில், முகம் எல்லோருக்கும் தெரியும்படி, முதுகைச் சுவரோடு சேர்த்து வைத்திருந்தாள். வருகிறவர்களுக்கு முகம்தானே வேண்டும். நானும் ஒன்றும் சொல்லவில்லை. இந்த வருஷம் தசராவுக்கு வெள்ளையடிக்க எல்லாவற்றையும் நகர்த்தினோம். அப்போது பார்த்தால், நீ முதுகில் வைத்து மூடிய சக்கை, முழுசாகக் கழன்று, சுவரோரமாகத் தூசியில் கிடக்கிறது. நாங்கள் வந்த வருஷம் மே மாதம் ஒருநாள் மத்தியானம், யாரோ கதவைத் தட்டியதுபோல டப்பென்று ஒரு சத்தம் கேட்டு, நான் எழுந்துபோய் வாசலைத் திறந்து பார்த்திருக்கிறேன். யாரும் இல்லை. அது இதுதான் என்று இப்போது தெரிகிறது. பழைய கீறல் இப்போது என் கட்டைவிரல் நுழையும் அளவுக்கு அகன்றிருக்கிறது. சக்கையைத் துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். நீயோ உன் கணவரோ இந்தப் பக்கம் வந்தால் சரிசெய்து தரவேண்டும்.

மற்றபடி அம்மா அப்படியே இருக்கிறாள். நிறம் மட்டும் கறுத்துவிட்டது. மேல்கோட்டைத் தேருக்குப் போய் வெயிலில் நின்றுவிட்டு வந்தால் அப்படித்தான் இருப்பாள். முகத்தில் ஒரு கோடு இல்லை. என் முகத்தில்தான்..."

சித்தம்மா அதற்கு மேல் படிக்கவில்லை. "முகத்தில் ஒரு கோடு இல்லை" என்ற வரியை மறுபடி படித்தாள். கட்டைவிரலைத் தூக்கிப் பார்த்தாள். அவ்வளவு விரிந்திருக்கிறது. அத்தனையும் நெற்றியில் விழுந்திருக்க வேண்டியது. பின்பக்கமாகப் போய்விட்டது. அவள் தரையில் உட்கார்ந்து, புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பாதிச் சிரிப்பில் அழுதாள். மூன்றரை வருஷமாக மார்பில் உட்கார்ந்திருந்த யானை, தும்பிக்கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு எழுந்து போனது.

கரியப்பன் இதை வேறுமாதிரி புரிந்துகொண்டான். அவன் கையைக் கட்டிக்கொண்டு வந்து முன்னால் நின்றான்.

"தப்புதான் புள்ள. நானே சொல்லணும்னு இருந்தேன்."

"என்ன தப்பு?"

"அன்னைக்கு டப்பாவுல பசை இல்ல. சுரண்டிப் பாத்தா அடில ரெண்டு துளி. ஞாயித்துக்கெழமை, கடையெல்லாம் அடைச்சிருந்துது. ரெண்டு நுனிலயும் ஒவ்வொரு சொட்டு வெச்சு எறக்கிட்டு மேல மெழுகு பூசிட்டேன். காலைல லாரிக்குத் தள்ளிட்டுப் போறப்பவே எங்க உளுந்துருமோன்னு உசுரே இல்ல. நீ கடுதாசி வந்துச்சா வந்துச்சான்னு கேக்கறப்பல்லாம், போச்சு, இன்னைக்கு மாட்டினோம்னு..."

"மூணரை வருசமாவா?"

"பின்ன? கெட்டியா ஒட்டிருச்சான்னு அத்தன கண்டிப்பாக் கேட்டியே. சொன்னா வெட்டிருவேன்னு பயந்தேன்."

ஒரே வீட்டில், ஒரே அடுப்பில் சாப்பிட்டுக்கொண்டு, அது ஒட்டியிருக்குமே என்று அவள் பயந்திருக்கிறாள், ஒட்டாமல் போயிருக்குமே என்று அவன் பயந்திருக்கிறான்.

"அட லூசு மாமா" என்றாள் சித்தம்மா. "நீ ஒழுங்கா வேலை செஞ்சிருந்தா அந்தம்மா மூஞ்சி ரெண்டாப் போயிருக்கும்."

அவள் விளக்கமாகச் சொன்னதும் கரியப்பனின் தோள் இரண்டு அங்குலம் உயர்ந்தது. "அதான பாத்தேன். எனக்கு உள்ளுக்குள்ள அப்பவே தெரியும்" என்றான்.

"ஒண்ணும் தெரியாது உனக்கு. போய் பசை வாங்கிட்டு வா. டப்பா நெறைய வேணும்னு இல்ல."

அவள் எழுந்து மூலைக்குப் போனாள். முதுகோடு நின்றுபோன மூன்று கட்டைகளில் முதலாவதன் தூசியைத் தட்டினாள். மூட்டை தூக்குகிற ஒருவனின் முதுகு. ரம்பத்தை எடுத்து, பிடரிக்குக் கீழே வைத்து, இழுத்தாள். செதுக்காத இருபது யானையும் ஜன்னலோரம் காத்திருந்தன. மஞ்சுநாத் இன்றைக்குக் கத்துவார். கத்தட்டும். அவருக்கும் ஆசுவாசமாக இருக்கும்.

"புள்ள, கடுதாசி இன்னும் இருக்கு" என்றான் கரியப்பன். அவன் அதைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். மடிக்கும் ஓரத்தில், வேறு மையில், இன்னும் கொஞ்சம் எழுதியிருந்தது.

"நீ படி. எனக்குக் கை வேலையா இருக்கு."

கரியப்பன் எழுத்துக்கூட்டிப் படித்தான்.

"செப்டம்பர் 30. மேலே எழுதியதைப் பன்னிரண்டு நாளாகத் தபாலில் போடாமல் வைத்திருந்தேன். வெள்ளையடித்த பிறகு நான் வசுதாவிடம் சொல்லி, அம்மாவை ஜன்னலைப் பார்க்க உட்காரவைத்துவிட்டேன். என் நாற்காலியைப் பின்னால் போட்டுக்கொண்டேன். முதல் இரண்டு நாள் அந்தக் கீறலைப் பார்க்க முடியவில்லை. மூன்றாம் நாள் காலையில் ஜன்னல் வெயில் சாய்வாக விழுந்தபோது உள்ளே பார்த்தேன். வெளியெல்லாம் கறுத்துப் போயிருக்கிறதே, உள்ளே அப்படி இல்லை சித்தம்மா. மரம் வெட்டிய அன்றைக்கு இருந்த அதே மஞ்சள். பலாச்சுளை மஞ்சள். நீங்கள் யாரும் சரிசெய்ய வரவேண்டாம். சும்மா பார்த்துவிட்டுப் போக வந்தால் வாருங்கள். அதை மூட வேண்டாம்."